தேயாத துத்தநாகம், தேய்ந்துபோன மெக்னீசியம்

போன ஐப்பசியில் ஒரே வாரத்தில் இரண்டு படங்கள் என் போனில் சேர்ந்தன. ஒன்று, டொரன்டோவில் இருக்கும் என் காலேஜ் ஹாஸ்டல் நண்பன் அனுப்பியது. ராசிபுரத்துக்காரன். மூணு வருஷம் முன்னாடி அட்லாண்டிக் கரைப் பக்கம் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து ஒன்டாரியோ ஏரியில் விட்டிருக்கிறான். பனிக்காலம் வந்தால் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் வைத்துவிடுவார்கள். அப்போது எடுத்த படம். படகின் அடியில் ஒரு துத்தநாக வளையம். கூடவே ஒரு செய்தி: "மாப்ள, ரெண்டு சீசன் ஆச்சு. துளி தேயல பாரு. அந்தக் காலத்து சரக்கு!"

இன்னொன்று நானே எடுத்தது. சேலம் வீட்டில் கீசர் ஒழுகி, பிரித்துப் போட்டபோது உள்ளே இருந்து வந்த கம்பி. வாங்கும்போது பெருவிரல் தடிமனில் இருந்திருக்க வேண்டியது. இப்போது சைக்கிள் போக்குக் கம்பி மாதிரி ஒரு இரும்புக் கம்பியும், அதன் நுனியில் உதிர்ந்துபோன சுண்ணாம்பு மாதிரி ஏதோ கொஞ்சமும்தான் மிச்சம்.

அவன் சந்தோஷமாக இருந்தான், நான் கடுப்பில் இருந்தேன். ரெண்டு நாள் படித்த பிறகு புரிந்தது, ரெண்டு பேருமே தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். என் கம்பி தன் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டுச் செத்திருக்கிறது. அவனுடைய துத்தநாகம் ரெண்டு வருஷமாக ஒரு வேலையும் செய்யாமல் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. அவனுக்கு உடனே எழுதினேன்: "வளையத்தை விடு. அந்தப் படகோட இன்ஜின் கால் இருக்குல்ல, தண்ணிக்குள்ள இறங்குமே, அதோட பெயின்ட் எப்படி இருக்கு?"

அரை மணி நேரம் பதில் இல்லை. பிறகு ஒரு படம் வந்தது. அலுமினியக் காலின் மேல் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறிப் பார்த்திருக்கிறான். உள்ளே வெள்ளை மாவு, அதற்கடியில் குண்டூசி குத்தின மாதிரி குழிகள்.

சரி, முதலில் இருந்து வருவோம்.

இரண்டு வேறு வேறு உலோகங்களை ஒரே தண்ணீரில் வைத்து, வெளியே ஒரு கம்பியால் இணைத்தால் அது பேட்டரி. இதுதான் அடிப்படை. எலக்ட்ரானை எளிதாக விட்டுக்கொடுக்கும் உலோகம் கரையும், மற்றது தப்பிக்கும். பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தில் இருந்த வரிசை நினைவிருக்கலாம்: மெக்னீசியம் மைனஸ் 2.37 வோல்ட், அலுமினியம் மைனஸ் 1.66, துத்தநாகம் மைனஸ் 0.76, இரும்பு மைனஸ் 0.44, செம்பு பிளஸ் 0.34. இதில் மேலே இருப்பது கீழே இருப்பதற்காகக் கரையும். இரும்பைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதனுடன் ஒரு துத்தநாகக் கட்டியையோ மெக்னீசியக் கம்பியையோ ஒட்டிவைத்தால் போதும். அந்தக் கட்டிக்குப் பேர்தான் பலி ஆனோடு. பேர் கொஞ்சம் நாடகத்தனமாக இருக்கிறது, ஆனால் பொருத்தம்தான்.

இந்த வரிசையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் எல்லா இடத்துக்கும் மெக்னீசியமே சிறந்தது என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அது தப்பு. எந்த உலோகம் என்பதைத் தீர்மானிப்பது, எது தண்ணீரில் இருக்கிறது என்பதைவிட, எந்தத் தண்ணீரில் இருக்கிறது என்பதுதான்.

இதை நம்பாமல் வீட்டில் ஒரு பரிசோதனை செய்து பார்த்தோம். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஆறு, ஹார்டுவேர் கடையில் வாங்கிய பூச்சு இல்லாத மூன்று அங்குல ஆணிகள், பழைய டார்ச் பேட்டரியைப் பிரித்து வெட்டிய துத்தநாகத் தகடு, கீசர் கம்பியின் நுனியில் மிச்சம் இருந்த மெக்னீசியத் துண்டு, கொஞ்சம் செம்புக் கம்பி. நான்கு பாட்டிலில் எங்கள் போர் தண்ணீர்: ஒன்றில் ஆணி மட்டும், ஒன்றில் செம்பு சுற்றிய ஆணி, ஒன்றில் துத்தநாகம், ஒன்றில் மெக்னீசியம். மற்ற இரண்டிலும் துத்தநாகம் கட்டிய ஆணிதான், ஆனால் ஒன்றில் உப்பு நிறையக் கரைத்த தண்ணீர், இன்னொன்றில் ஆர்ஓ தண்ணீர்.

இரண்டு வாரத்தில் செம்பு சுற்றிய ஆணி பார்க்கவே பாவமாக இருந்தது. வெறும் ஆணியைவிட மோசம். மெக்னீசியம் கட்டிய ஆணி பளிச். உப்புத் தண்ணீரில் துத்தநாகம் கட்டிய ஆணியும் பளிச். போர் தண்ணீரில் துத்தநாகம் முதல் சில நாள் ஆணியைக் காத்தது, அப்புறம் அதன்மேல் வெள்ளையாகப் பாசி மாதிரி ஏதோ படர்ந்தது, ஆணியில் அங்கங்கே செம்புள்ளிகள். ஆர்ஓ தண்ணீரில் நடந்ததுதான் வேடிக்கை: துத்தநாகத்தை ஒட்டிய பாகம் சுத்தமாக இருக்கிறது, இரண்டு அங்குலம் தள்ளி நுனி மட்டும் துரு. "அப்பா, அதுக்குக் கை எட்டலையா?" என்று கேட்டாள் என் மகள். எட்டவில்லை. ஆர்ஓ தண்ணீரில் உப்பு இல்லை, அதனால் மின்தடை அதிகம், அதனால் துத்தநாகத்தின் மின்னோட்டம் தூரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

ஆர்ஓ பாட்டிலிலும் போர் தண்ணீர் பாட்டிலிலும் நடந்த ரெண்டும் சேர்ந்ததுதான் என் நண்பனின் படகிலும் நடந்தது. அதற்கு முன் ஒரு கிளைக்கதை சொல்லிவிடுகிறேன், படிக்கும்போது ரொம்பப் பிடித்துப்போனது.

மரக் கப்பல்களின் அடியைப் புழு தின்னாமல் இருக்க பிரிட்டிஷ் கடற்படை செம்புத் தகடு அடித்துப் பார்த்தது. முதலில் 1761-ல் அலார்ம் என்ற கப்பலுக்கு. தகட்டை அடித்தது இரும்பு ஆணிகளால். 1763-ல் பிரித்துப் பார்த்தபோது புழு இல்லை, ஆனால் ஆணிகளும் இல்லை. எல்லாம் கூழாகிப் போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் தப்பித்திருந்தன. ஏனென்று பார்த்தால், தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தை ஆட்கள் சரியாகக் கிழிக்காமல் விட்டுவிட்டார்கள், செம்புக்கும் இரும்புக்கும் நடுவில் அந்தக் காகிதம் மாட்டியிருந்தது. சோம்பேறித்தனம் இன்சுலேஷன் ஆகிவிட்டது. (சாப்ட்வேரில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரித் தற்செயல் பழக்கம்தான்.)

அறுபது வருஷம் கழித்துக் கேள்வி தலைகீழானது: கடலில் செம்பே அரிக்கிறது, அதை எப்படிக் காப்பது? ஹம்ப்ரி டேவியிடம் கேட்டார்கள். செம்புத் தகட்டோடு கொஞ்சம் வார்ப்பிரும்பையோ துத்தநாகத்தையோ சேர்த்து வைத்தால் அது கரைந்து செம்பைக் காக்கும் என்று 1824-ல் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். அந்த வருஷமே ஒரு கப்பலில் வைத்துப் பார்த்தார்கள். கப்பல் பேர் சமராங். அது 1822-ல் கொச்சியில் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட கப்பல். செம்பின் பரப்பில் எண்பதில் ஒரு பங்கு அளவுக்கு வார்ப்பிரும்பு வைத்தார்கள். செம்பு அரிக்கவில்லை. ஆனால் கப்பலின் அடி முழுக்கப் பாசியும் சிப்பியும் ஒட்டி வேகம் குறைந்துவிட்டது. செம்பு கரைந்தால்தான் அந்தக் கரைசல் சிப்பிக்கு விஷம். கரையாத செம்பு சிப்பிக்கு வெறும் தரை. சில வருஷத்திலேயே கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. டேவியின் வேதியியல் முழுக்கச் சரி. செம்பு எதற்காக அங்கே இருக்கிறது என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

இப்போது கடலில் ஓடும் படகுக்கு வருவோம். ஃபைபர் படகு அரிக்காது. அரிப்பது அதில் தண்ணீருக்குள் இருக்கும் உலோகங்கள்தான்: வெண்கல புரொப்பல்லர், ஸ்டெயின்லெஸ் தண்டு, சில படகுகளில் இன்ஜினிலிருந்து கீழே இறங்கும் அலுமினியக் கால். கடல் தண்ணீர் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். அதன் மின்தடை சென்டிமீட்டருக்கு இருபது, இருபத்தைந்து ஓம்தான். அதனால் அங்கே அதிக வோல்ட் தேவையில்லை. துத்தநாகத்தின் மெதுவான தள்ளல் போதும், நிதானமாகக் கரையும். நூறு வருஷத்துக்கு மேலாக எல்லாரும் துத்தநாகம் போடுவது இதனால்தான்.

அங்கே போய் மெக்னீசியத்தை மாட்டினால் என்ன ஆகும்? வெறிபிடித்த மாதிரி கரையும். சில வாரத்தில் காலி. அதுமட்டும் இல்லை, தேவைக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்தால் காக்கப்படும் உலோகத்தின் மேல் காரம் சேரும், பெயின்ட் கழன்று வரும். அலுமினியத்துக்குக் காரம் ஆகாது, அதனால் காப்பாற்றப் போனதே அரிக்கத் தொடங்கும்.

மூன்றாவது ஆள் அலுமினியம். சுத்த அலுமினியம் ஆனோடாக வேலை செய்யாது, மேலே மெல்லிய ஆக்சைடு தோல் மூடிக்கொள்ளும். நம் வீட்டு இட்லிப் பாத்திரம் அரிக்காமல் இருப்பதே அந்தத் தோலால்தான். அந்தத் தோலைத் திறந்தே வைக்க, ஐந்து சதவீதம் போல துத்தநாகமும், 0.02 சதவீதம் இண்டியமும் சேர்க்கிறார்கள். பத்தாயிரத்தில் இரண்டு பங்கு! அவ்வளவுதான் இண்டியம், ஆனால் அது இல்லாவிட்டால் மொத்தக் கட்டியும் வேஸ்ட். இந்தக் கலவை ஒரு கிலோவுக்குச் சுமார் 2500 ஆம்பியர்-மணி தருகிறது, துத்தநாகம் 780-தான். எடைக்கு மூன்று மடங்கு. கடலிலும் ஓடும், ஆறு கடலோடு கலக்கும் உவர் நீரிலும் ஓடும்.

நல்ல தண்ணீரில், அதாவது ஏரியில், ஆற்றில், மின்தடை கடலைப்போல நூறு மடங்குக்கும் மேலே. அங்கே துத்தநாகத்தின் சின்னத் தள்ளல் தூரம் போகாது. போதாக்குறைக்கு அதன்மேல் கெட்டியான வெள்ளைப் படலம் மூடி, துத்தநாகம் தூங்கிவிடும். அங்கேதான் மெக்னீசியத்தின் அதிக வோல்ட் தேவை. நண்பனின் படகு கடல் படகாக இருந்தபோது போட்ட துத்தநாகம், ஏரிக்கு வந்தபின் தூங்கிவிட்டது. காவல்காரன் தூங்கியதும், புரொப்பல்லரோடு தொட்டுக்கொண்டிருந்த அடுத்த பலவீனமான உலோகம் எது? அலுமினியக் கால். அதுவே ஆனோடு ஆகிவிட்டது. தேயாத துத்தநாகத்தைப் பார்த்துத் தரம் என்று நினைத்தோம்.

அவன் அப்புறம் கேட்டான்: "நம்ம ஊர்ல எவனாவது துத்தநாகம், மெக்னீசியம் வார்த்துத் தருவானாடா? இங்க கொள்ள விலை." எனக்குத் தெரிந்த ஒருவர் சேலத்தில் சின்ன வார்ப்படப் பட்டறை வைத்திருக்கிறார். கேட்டதும், ஸ்கிராப் துத்தநாகத்தில் ஊற்றித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனோடுக்கான துத்தநாகத்தில் இரும்பு 0.005 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதைத் தாண்டினால் மேலே படலம் கட்டி வேலை நின்றுவிடும். இரும்புக் கரண்டியால் உருக்கிக் கலக்கினாலே அந்த அளவைத் தாண்டிவிடலாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், எடை ஒரே மாதிரி இருக்கும், தண்ணீரில் மட்டும் வேலை செய்யாது. மெக்னீசியத்தைப் பட்டறையில் உருக்குவது பற்றிப் பேசவே வேண்டாம். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, ஊற்றினால் இன்னும் எரியும்.

இனி என் கீசர்.

கீசர் தொட்டி இரும்பு. உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. அந்தப் பூச்சு முழுமையாக இருந்தால் கம்பியே தேவையில்லை. ஆனால் மூலையில், வெல்டிங் ஓரத்தில், ஊசிமுனை அளவு ஓட்டைகள் எப்படியும் இருக்கும். அந்த ஓட்டைகளைக் காக்கத்தான் மெக்னீசியக் கம்பி. கம்பி தீர்ந்த அன்று முதல் தொட்டி தனக்குத்தானே பொறுப்பு. என்னுடையது மூன்றரை வருஷத்தில் ஒழுகியது. வந்த சர்வீஸ் பையன் பார்த்துவிட்டு, "சார், உங்க தண்ணி அப்படிங்க. போர் தண்ணிக்கு இவ்ளோ நாள் தாங்குனதே பெரிசுங்க" என்றான். கம்பியை வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கையேட்டில் போட்டிருக்கிறது. நான் கையேட்டைப் பிரித்ததே தொட்டி ஒழுகிய பிறகுதான். அதனால் கம்பெனி பேரை இங்கே இழுக்க எனக்கு யோக்கியதை இல்லை.

அந்தப் பையன் சொன்னது முழுக்கச் சரியா என்று பார்க்க, புதுக் கீசர் மாட்டும்போதே கம்பியைக் கழற்றிச் சமையலறைத் தராசில் எடை போட்டேன். 180 கிராம். (அம்மா: "உளுந்து போடற தராசுல ஏன்டா இதையெல்லாம் வெக்கற?") ஆறு மாதம் போர் தண்ணீர் மட்டும். என் டிடிஎஸ் மீட்டரில் அந்தத் தண்ணீர் 1480 பிபிஎம் காட்டியது. ஆறு மாதம் கழித்துக் கழற்றி, பிளாஸ்டிக் பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து எடை போட்டால் 118 கிராம். வினிகரில் ஊறவைக்க நினைத்தேன், நல்லவேளை செய்யவில்லை. வினிகர் சுண்ணாம்போடு சேர்த்து மெக்னீசியத்தையும் தின்றுவிடும், கணக்கு கெட்டுப்போயிருக்கும்.

போனது 62 கிராம். மெக்னீசியம் ஏட்டுக் கணக்கில் கிலோவுக்கு 2200 ஆம்பியர்-மணி தரவேண்டும். நடைமுறையில் பாதிதான் கிடைக்கும், மீதிப் பாதி காப்பதற்கு உதவாமல் தண்ணீரோடு நேராக வினைபுரிந்து ஹைட்ரஜனாகப் போய்விடும். 1100 என்று வைத்துக்கொண்டால் 62 கிராமுக்குச் சுமார் 68 ஆம்பியர்-மணி. ஆறு மாதம் என்பது 4380 மணி நேரம். வகுத்தால் சராசரி 15 மில்லி ஆம்பியர் சொச்சம். இரவு பகலாக, ஸ்விட்ச் போட்டாலும் போடாவிட்டாலும், அந்தத் தொட்டிக்குள் இவ்வளவு மின்சாரம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு சின்ன எல்ஈடி எரியும் அளவு.

அடுத்த ஆறு மாதம் கீசருக்கு மட்டும் காவிரிக் குடிநீரைத் திருப்பிவிட்டேன். மீட்டரில் 290 பிபிஎம். இந்த முறை குறைந்தது 24 கிராம், அதாவது 6 மில்லி ஆம்பியர். அதே கம்பி, அதே தொட்டி, தண்ணீர் மட்டும் வேறு. ஒரே ஒரு கம்பியை வைத்துச் செய்தது என்பதால் இதைப் பெரிய ஆராய்ச்சியாக நான் சொல்லவில்லை. இரண்டாவது ஆறு மாதத்தில் கம்பியின் பரப்பும் குறைந்திருக்கும், அதையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஆனாலும் பையன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தண்ணீர்தான். ஆனால் தண்ணீர் தின்றது முதலில் கம்பியை. தொட்டியைத் தின்றது நான் கம்பியை மாற்றாததால்.

எங்கள் பக்கம் இப்போது நிறைய வீடுகளில் சாப்டனர் வைக்கிறார்கள். உப்புத் தண்ணீர் பாத்திரத்தில் கறை படிவதால். சாப்டனர் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை விடும். தண்ணீர் மெதுவாகும், ஆனால் மின்சாரம் கடத்துவது குறையாது. முன்பு ஓட்டைகளின்மேல் சுண்ணாம்பு படிந்து ஓரளவு மூடியாவது இருந்தது, இப்போது அதுவும் இல்லை. ஆக, சாப்டனர் வைத்த வீட்டில் கம்பி இன்னும் வேகமாகத் தேயும். சாப்டனர் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இதைவிட முக்கியமாகச் சொல்லவேண்டியது நாற்றம். மெக்னீசியம் விடும் ஹைட்ரஜனைத் தின்று, தண்ணீரில் உள்ள சல்பேட்டைச் சல்ஃபைடாக மாற்றும் ஒருவகை பாக்டீரியா உண்டு. வெதுவெதுப்பான, நாள்கணக்கில் நிற்கும் தண்ணீர் அதற்கு ரொம்ப வசதி. நாங்கள் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து கீசரைத் திறந்தால் கூமுட்டை நாத்தம். வீட்டுக்குப் பல வருஷமாக வரும் வயதான பிளம்பர் ஒரு நொடி யோசிக்கவில்லை. "தம்பி, அந்தக் கம்பியக் கழட்டிட்டு ஒரு டம்மி போட்டு மூடிட்டா நாத்தம் போயிரும். நான் எத்தனையோ ஊட்ல செஞ்சிருக்கேன்."

அவர் சொல்வது உண்மை, நாற்றம் போய்விடும். தொட்டியும் சில வருஷத்தில் போய்விடும், அப்போது யாரும் அவரை நினைக்க மாட்டார்கள், தண்ணீரைத்தான் திட்டுவார்கள். அவரிடம் பொறுமையாகச் சொல்லிவிட்டு, தெர்மோஸ்டாட்டை முழுக்கத் திருப்பி அறுபது டிகிரிக்கு மேல் சில மணி நேரம் வைத்து, குழாய்களில் எல்லாம் அந்தச் சுடுதண்ணீரை ஓடவிட்டேன் (குழந்தைகளைக் குளியலறைப் பக்கம் விடவில்லை). நாற்றம் போனது. அதற்கும் போகவில்லை என்றால் அலுமினியம்-துத்தநாகம் கலந்த கம்பி கிடைக்கிறது, அதில் ஹைட்ரஜன் குறைவு.

கடல் படகுக்கு ஆகும் சுத்தத் துத்தநாகத்தை ஏன் கீசரில் போடக்கூடாது? இதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்த இடம். அறுபது டிகிரிக்கு மேல், பைகார்பனேட்டும் நைட்ரேட்டும் அதிகம் உள்ள தண்ணீரில், துத்தநாகமும் இரும்பும் இடம் மாறிக்கொள்ளலாம். துத்தநாகத்தின் மேல் படியும் படலம் அதை இரும்பைவிட மேன்மையான உலோகம் மாதிரி ஆக்கிவிடும். அப்புறம் துத்தநாகத்தைக் காக்க இரும்புத் தொட்டி கரையும். காவலுக்கு வைத்தவனே திருடனாவது. பைகார்பனேட் எங்கள் போர் தண்ணீரில் கேட்கவே வேண்டாம், கெட்டிலைப் பார்த்தாலே தெரியும்.

கம்பியைப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று. ஸ்விட்சை மட்டும் நம்பாமல் எம்சிபியை இறக்குங்கள், தண்ணீர் வால்வை மூடுங்கள், ஆறவிட்டு வடித்துவிட்டுத் திறங்கள். பல மாடல்களில் கம்பி, ஹீட்டர் காயில் மாட்டியிருக்கும் அதே தட்டில்தான் இருக்கும். கேஸ்கட் புதுசு கையில் இல்லாமல் திறக்காதீர்கள். பாதிக்குமேல் தேய்ந்திருந்தாலோ, உள்ளே இரும்பு தெரிந்தாலோ மாற்றுங்கள். ஒரு வருஷம் ஆகியும் புதுசு மாதிரி இருந்தால் அப்போதும் சந்தேகப்படுங்கள்: தொட்டியோடு அதன் தொடர்பு விட்டுப்போயிருக்கலாம்.

இவ்வளவும் படித்துக்கொண்டிருந்த நாளில் ஓமலூர் ரோட்டில் போகவேண்டி வந்தது. கருப்பூர் பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கல் குவியல்கள், எத்தனையோ வருஷமாகப் பார்த்து அலுத்தவை. மேக்னசைட். மெக்னீசியம் கார்பனேட். இந்தப் பக்கம் திரும்பினால் கஞ்சமலை, அதில் இரும்புத் தாது. இரும்பும், அதற்காகச் சாகக்கூடிய மெக்னீசியமும் ஒரே ஊரின் இரண்டு ஓரத்தில் கிடக்கின்றன. ஆனால் என் கீசர் கம்பி இந்த மலையிலிருந்து வந்ததில்லை. இங்கே எடுக்கும் கல்லைச் சூளையில் 1500 டிகிரிக்கு மேல் சுட்டு, உருக்காலை உலைகளின் உள்சுவருக்குச் செங்கல் ஆக்குகிறார்கள். உலோகமாக்குவதில்லை.

உலோகமாக்குவது லேசில்லை. ஆக்சிஜனிடமிருந்து மெக்னீசியத்தைப் பிடுங்குவது பெரும்பாடு. இன்று உலகத்து மெக்னீசியத்தின் பெரும்பகுதி சீனாவில், சுட்ட டோலமைட்டையும் ஃபெரோசிலிக்கானையும் வெற்றிடத்தில் 1100, 1200 டிகிரிக்குச் சூடாக்கி, ஆவியாக வரும் உலோகத்தைக் குளிரவைத்து எடுக்கிறார்கள். இன்னொரு வழி மெக்னீசியம் குளோரைடை உருக்கி மின்னாற்பகுப்பு செய்வது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த வழியில் நிறைய வேலை செய்திருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த ஆய்வகம் அது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்தது. கடல் அரிப்பைச் சோதிக்க மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதற்குக் கிளைகள் உண்டு. மின்னாற்பகுப்பில் ஒரு கிலோ மெக்னீசியத்துக்குப் பத்து யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவு. அந்தக் கணக்கில் பார்த்தால் என் வீட்டு 180 கிராம் கம்பிக்குள் ஏறக்குறைய இரண்டு யூனிட் கரண்டை அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். அதுதான் பதினைந்து மில்லி ஆம்பியர், ஆறு மில்லி ஆம்பியர் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது.

நண்பன் காலைச் சுரண்டி, குழிகளை அடைத்து, பெயின்ட் அடித்து முடித்துவிட்டான். குழிகள் ஆழமில்லை, கால் தப்பியது. இன்னொரு விஷயமும் கண்டுபிடித்தான். படகுத்துறையில் எல்லாப் படகுகளும் கரையிலிருந்து கரண்ட் எடுக்கின்றன. அந்தப் பச்சை எர்த் ஒயர் வழியாக எல்லாப் படகின் உலோகமும் ஒன்றோடொன்று இணைந்துவிடுகிறது. ஆக, இவன் மெக்னீசியம் மாட்டினால் அது பக்கத்துப் படகுக்காரன் புரொப்பல்லருக்கும் சேர்த்துக் கரையும். அதைத் தடுக்க எர்த் ஒயரில் கால்வானிக் ஐசொலேட்டர் என்று ஒன்று போடவேண்டும்: பழுதானால் பாயும் பெரிய கரண்டை விடும், இந்தச் சின்ன டிசி கசிவை மட்டும் மறிக்கும். எர்த்தையே வெட்டிவிடலாமா என்று கேட்டான். திட்டினேன். ஆனோடு போனால் காசு போகும், எர்த் போனால் உயிர் போகும்.

மே மாதம் மெக்னீசிய ஆனோடோடு படகு தண்ணீரில் இறங்குகிறது. இப்போது அவனுக்கு ஆசை விரிந்துவிட்டது. ஏரியிலிருந்து செயின்ட் லாரன்ஸ் ஆறு வழியாக இறங்கி, கியூபெக் நகரத்தைத் தாண்டிக் கடல் பக்கம் போகவேண்டுமாம். கியூபெக்குக்குக் கீழே தண்ணீரில் உப்பு ஏறத் தொடங்கும். பாதி வழி நல்ல தண்ணீர், பாதி உவர், கடைசியில் கடல். "மாப்ள, இதுக்கு எதைப் போடறது?" என்றான்.

கடலில் எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்டேன். மூணு வாரம் என்றான். கியூபெக்கில் ஒருநாள் படகைத் தூக்கி, மெக்னீசியத்தைக் கழற்றிவிட்டு அலுமினியம் மாட்டச் சொல்லியிருக்கிறேன். திரும்பும்போது மறுபடி மாற்றவேண்டும். ஒருநாள் தூக்குக் கூலியைக் கேட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருக்கிறான். வழி முழுக்க அலுமினியத்தையே போட்டுக்கொண்டு போய்விடலாமா, ஆற்றில் கொஞ்சம் குறைவாகக் காத்தாலும் பரவாயில்லையா என்பது அவன் கேள்வி. வெறும் இரும்பாக இருந்தால் சரி என்றிருப்பேன். ஒருமுறை குழி விழுந்த அலுமினியக் கால் என்பதால் எனக்கு மனசில்லை. இரண்டையும் எடை போட்டு எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன். என் கம்பியின் அடுத்த எடை சித்திரையில்.